மூன்று நிமிட இறாலுக்கு அரை மணி நேர ஆயத்தம்

கேள்வி: என் பிள்ளைகள் இருவருக்கும் சீன உணவகத்தில் சாப்பிட்ட பூண்டு இறால் மிகவும் பிடித்துப் போனது. பத்து நிமிடத்தில் செய்துவிடலாம் என்று எல்லோரும் சொல்வதால் நானும் வீட்டில் மூன்று முறை முயன்றேன். அரை கிலோ இறாலை உரித்து, கவிச்சி போவதற்காக மஞ்சள்தூள், உப்பு, எலுமிச்சைச் சாறு சேர்த்து அரை மணி நேரம் ஊறவைத்த பிறகே சமைத்தேன். முதல் முறை இறால் ரப்பர்போல் ஆகிவிட்டது. இரண்டாம் முறை சீக்கிரம் இறக்கிவிடலாம் என்று பார்த்தால், வாணலி முழுக்கத் தண்ணீர் விட்டு நின்றது. மூன்றாம் முறை அந்தத் தண்ணீரை இறுக்குவதற்குச் சோள மாவைக் கரைத்து ஊற்றினேன். எல்லாம் கூழாகத் திரண்டுவிட்டது. அஜினோமோட்டோவும் ஒயினும் இல்லாமல் அந்தச் சுவை வராதா? மாமனாருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. சோயா சாஸ் சேர்த்ததை அவருக்குக் கொடுக்கலாமா?
– தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

என்ன செய்தீர்கள், என்ன ஆனது என்பதை ஒன்றையும் மறைக்காமல் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் காரணத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. மூன்று முறையும் உங்களைத் தோற்கடித்தது இறாலில் இருந்த ஈரம். ஈரத்தோடு இறால் வாணலியில் விழுந்ததும் சட்டியின் சூடு இறங்கிவிட்டது. சூடு இறங்கியதால் வதங்க வேண்டிய இறால் தன் தண்ணீரிலேயே வெந்தது. அந்தத் தண்ணீர் வற்றும்வரை காத்திருந்தபோது ரப்பராயிற்று, காத்திருக்காதபோது தண்ணீர் நின்றது, நின்ற தண்ணீரை மாவால் கட்ட முயன்றபோது கூழாயிற்று. பத்து நிமிடச் சமையல் என்று உங்களிடம் சொன்னவர்கள் அடுப்பு எரியும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். உண்மையில் அடுப்பு எரிய வேண்டியது 3 நிமிடம், மிஞ்சினால் 4 நிமிடம்தான். ஆனால் அதற்கு முன்பு இறாலுக்கு அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படுகிறது, அதில் பெரும்பகுதி அது குளிர்பெட்டியில் தானாக இருக்கும் நேரம்.

இதை நான் கற்றுக்கொண்டது சிங்கப்பூரில், ஒரு கான்டனீஸ் சமையலறையில், அதாவது தென்சீனாவின் குவாங்தோங் மாகாணத்துச் சமையல் நடக்கும் இடத்தில். அத்தகைய சமையலறைகளில் வாணலிக்கு ஒரு தலைவர் இருப்பதைப் போலவே வெட்டுப்பலகைக்கும் ஒரு தலைவர் உண்டு; இறாலையும் மீனையும் கறியையும் வெட்டி, ஊறவைத்து, அளந்து, எந்தத் தட்டில் எது சேர வேண்டும் என்று தீர்மானித்து அடுப்புக்கு அனுப்பும் அவருக்கு, வாணலி பிடிப்பவருக்கு நிகரான மதிப்பு இருந்தது. முதல் வாரம், கழுவிய இறாலை வடிகட்டியிலிருந்து நேரே வாணலியில் கொட்டினேன். சடசடவென்று பொரிய வேண்டிய எண்ணெய் ஒரு நொடி சீறிவிட்டு, பிறகு கஞ்சி கொதிப்பதுபோல் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியது. எங்கள் சிஃபு, அதாவது குரு, இரண்டு அடுப்பு தள்ளி நின்று கொண்டிருந்தவர், திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தச் சத்தத்தை வைத்தே தவறைத் தெரிந்துகொண்டார். என் அடுப்பை அணைத்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். அதன் பிறகு இரண்டு மாதம் நான் வாணலியைத் தொடவில்லை. இறாலைத் துண்டில் பரப்பி, மேலே இன்னொரு துண்டைப் போட்டு, உள்ளங்கையால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுப்பதே வேலை. துண்டு நனைந்தால் மாற்ற வேண்டும். ஒட்டும் பதத்துக்கு இறால் வந்திருக்கிறதா என்று அவர் விரலால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு கிராம் தண்ணீரை 100 டிகிரியில் ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். கழுவி, சாறு ஊற்றி ஊறவைத்த அரை கிலோ இறாலோடு 50 மில்லி ஈரம் வாணலிக்குள் போவது மிக எளிது. வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் 2 கிலோவாட் என்றும், அதில் பாதி வெப்பமே சட்டிக்குப் போய்ச் சேர்கிறது என்றும் வைத்துக்கொண்டால், அந்த 50 மில்லியை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 2 நிமிடம் ஆகும். இறால் வேகத் தேவையான மொத்த நேரமே 2 நிமிடம்தான். ஆக, தண்ணீர் வற்றி வதக்கல் தொடங்க வேண்டிய நேரத்தில் இறால் ஏற்கெனவே வெந்து முடிந்திருக்கும். அதற்குமேல் சட்டியில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் அதன் சதை சுருங்கித் தன்னுள் இருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியே தள்ளும், அந்தச் சாறு மறுபடியும் தண்ணீராக வந்து நிற்கும். உணவகத்துச் சீன அடுப்பு வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு வெப்பம் தருவதால் அங்கே சிறு ஈரம் தெரியாமல் போய்விடக்கூடும். வீட்டில் அதற்கு இடமில்லை. உலர்த்துவதில் வீட்டுச் சமையற்காரருக்குத்தான் உணவகத்தாரைவிடக் கூடுதல் கவனம் வேண்டும்.

இனி எலுமிச்சை. கவிச்சி வாடைக்குக் காரணமான பொருள்கள் காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்டவை என்பதால் புளிப்பு அவற்றை அடக்குகிறது. நம் வீடுகளில் எலுமிச்சையோ புளித்தண்ணீரோ சேர்த்துக் கழுவும் வழக்கத்துக்கு நல்ல காரணம் உண்டு, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் கழுவுவது வேறு, அரை மணி நேரம் ஊறவைப்பது வேறு. தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் செவிச்சே என்ற உணவை அடுப்பே இல்லாமல், எலுமிச்சைச் சாற்றை மட்டும் கொண்டு ஆக்குகிறார்கள். புளிப்பு பட்ட மீன் சதை, நெருப்பு பட்டதைப் போலவே வெளுத்து இறுகிவிடும். உங்கள் இறாலும் வாணலிக்கு வருவதற்கு முன்பே வெளிப்புறம் பாதி இறுகித்தான் வந்திருக்கிறது. தொக்குக்கோ மிளகு வறுவலுக்கோ மசாலாவின் கனம் அந்தக் குறையை மூடிவிடும். இந்தச் சமையலில் அதை மறைப்பதற்கு எதுவும் இல்லாததால் குறை அப்படியே தெரிகிறது. மஞ்சளையும் இங்கே தவிர்த்துவிடுங்கள்.

கவிச்சிக்குச் சீனச் சமையற்காரர்கள் செய்வது இது. உரித்த இறாலில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரும் தூவி, கையால் அரை நிமிடம் அழுத்தித் தேய்ப்பார்கள். மாவு சாம்பல் நிறமாக மாறும். வழுவழுப்பும் அழுக்கும் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை, தண்ணீர் தெளிவாகும்வரை அலச வேண்டும். புதிய இறாலாக இருந்தால் இதற்குப் பிறகு வாடை இருக்காது. வாடை அப்போதும் இருந்தால் குறை இறாலில்தான் இருக்கிறது, அதை எந்தச் சமையலுக்கும் எடுக்காதீர்கள்.

உங்கள் ஊரில் கடல் இறாலே கிடைக்கும் என்பது பெரிய வசதி. ஓடு மினுமினுப்பாக, தலை உடம்போடு இறுகி, கையில் எடுத்தால் விறைப்பாக இருப்பதைப் பாருங்கள். தலை தொங்கினாலும், தலைக்கும் உடம்புக்கும் இடையே கறுத்திருந்தாலும் நாள்பட்டது. வளர்ப்பு இறால் என்றால் இப்போது பெரும்பாலும் 2009-இல் இந்தியாவில் வளர்க்க அனுமதிக்கப்பட்ட வனாமி என்ற இனம்தான். அதிலும் இந்தச் சமையல் நன்றாகவே வரும். அளவைக் கேட்டு வாங்குங்கள். கிலோவுக்கு 30 முதல் 40 கவுண்ட் (எண்ணிக்கை) வரை உள்ள இறால் இதற்குப் பொருத்தம். அதைவிடப் பொடியானவை, வெளியே நிறம் ஏறுவதற்குள் உள்ளே வெந்து தாண்டிவிடும். தலையோடு அரை கிலோ வாங்கினால், உரித்த பின் கால் கிலோ அல்லது அதற்குச் சற்று மேல் தேறும். உறைந்த பாக்கெட் இறால் வாங்குவதாக இருந்தால், சேர்மானப் பட்டியலில் 451 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது தண்ணீரைப் பிடித்து வைப்பதற்காகச் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு. அப்படி ஏற்றிய தண்ணீர் முழுவதும் உங்கள் வாணலியில்தான் வந்து இறங்கும்.

உரித்த தலையையும் ஓட்டையும் எறிந்துவிடாதீர்கள். கடற்கரை வீடுகளில் இறால் தலையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீனச் சமையலிலும் அப்படித்தான். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் அவற்றை நன்றாகச் சிவக்க வதக்கி, ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். அந்த நிறம் அஸ்டாசாந்தின் என்ற இயற்கை நிறமியிலிருந்து வருகிறது. பச்சை இறாலில் அது ஒரு புரதத்தோடு கட்டுண்டு சாம்பலாகத் தெரிகிறது, சூடு பட்டதும் கட்டு அவிழ்ந்து சிவக்கிறது. நீங்கள் கேட்ட அஜினோமோட்டோ கேள்விக்கு என் முதல் பதில் இந்தச் சாறுதான், மற்றதைப் பின்னால் சொல்கிறேன்.

இனிச் செய்முறைக்கு வருகிறேன். உரித்த இறால் 250 கிராம் என்ற அளவுக்குச் சொல்கிறேன். மூன்று பேருக்குப் போதும். அரை கிலோவானால் இரண்டு தடவையாகத்தான் வதக்க வேண்டும், சேர்த்துப் போட்டால் எல்லா உழைப்பும் வீண்.

முதுகில் கத்தியால் ஆழமில்லாமல் ஒரு கோடு கீறி, கறுப்பு நரம்பை எடுத்துவிடுங்கள். அந்தக் கீறல் நரம்பை எடுப்பதற்கு மட்டும் அல்ல. சூட்டில் அது பூப்போல் விரிந்து சாஸைப் பிடித்துக்கொள்ளும். முன்சொன்னபடி உப்பும் மாவும் தேய்த்து அலசியதும், கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி ஆப்பசோடாவும் தூவிப் பிசறி, 15 நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள். சீன உணவகத்து இறாலைக் கடிக்கும்போது ‘நறுக்’கென்று ஒரு துள்ளல் இருக்கிறதே, அது பெரும்பாலும் இப்படி வருவதுதான். எலுமிச்சை செய்ததற்கு நேர் எதிரான வேலையை ஆப்பசோடா செய்கிறது: காரத்தன்மை சற்று ஏறினால் இறாலின் புரதம் சூட்டில் அவ்வளவு சுருங்காமல் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், அதில் மட்டும் கை தாராளம் காட்ட வேண்டாம். 15 நிமிடம் ஆனதும் ஒரு முறை அலசி, சிஃபு எனக்குக் காட்டியபடி துண்டில் பரப்பி ஒற்றி எடுங்கள். விரலால் தொட்டால் வழுக்கக் கூடாது. லேசாக ஒட்ட வேண்டும்.

அடுத்தது பூச்சு. மாண்டரின் மொழியில் இதை ‘ஷாங் ஜியாங்’ என்பார்கள். பாதி முட்டை வெள்ளைக்கரு, ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளார், இரண்டு சிட்டிகை வெள்ளை மிளகுத்தூள், இவற்றை இறாலோடு சேர்த்து ஒரே திசையில் கையால் கலக்கி, கடைசியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிரட்டி, இன்னொரு 15 நிமிடம் குளிர வையுங்கள். கிண்ணத்தின் அடியில் திரவம் எதுவும் தேங்கி நிற்கக் கூடாது. நின்றால் வெள்ளைக்கரு கூடிவிட்டது என்று பொருள், வடித்துவிடுங்கள். இந்த மெல்லிய படலம் சூட்டில் முதலில் வெந்து, உள்ளே இருக்கும் இறாலுக்கு ஒரு போர்வைபோல் இருக்கும். பின்னால் ஊற்றும் சாஸ் வழிந்து போகாமல் ஒட்டுவதும் இதனால்தான். ஹாங்சோ நகரத்தில் லோங்ஜிங் தேயிலையோடு சமைக்கும் ஆற்று இறால் இந்தப் பூச்சின் நயத்தைச் சுவைத்துப் பார்க்க உகந்த உணவு. இறாலைக் கண்ணாடிபோல் வெளுக்கும்வரை பலமுறை தண்ணீரில் அலசி, வெள்ளைக்கருவும் மாவும் பூசி, மிதமான சூட்டில் எண்ணெயில் நழுவவிட்டு எடுத்து, தேநீரும் இளந்தேயிலையும் மட்டும் சேர்த்துப் பரிமாறுவார்கள். பூண்டு கிடையாது, சோயா சாஸ் கிடையாது. இறால் முத்துப்போல் வெள்ளையாகத் தட்டுக்கு வரும்.

மாவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நீங்கள் ‘சோள மாவு’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கடைகளில் அந்தப் பெயரில் மூன்று பொருள்கள் கிடைக்கின்றன: வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு, மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு, மக்காச்சோளத்தின் ஸ்டார்ச்சை மட்டும் பிரித்தெடுத்த தூய வெள்ளைத் தூள். நமக்கு வேண்டியது மூன்றாவது. பொட்டலத்தில் கார்ன்ஃப்ளார் என்று இருக்கும், விரலிடையே தேய்த்தால் முகப்பவுடர்போல் நெறுநெறுக்கும். மற்ற இரண்டும் கூழுக்கும் ரொட்டிக்கும் உரியவை. சரியான மாவையே போட்டிருந்தாலும், கரைத்து வைத்த மாவு நொடியில் அடியில் தங்கிவிடும். ஊற்றும் முன் மறுபடி கலக்காவிட்டால் முதலில் வெறும் தண்ணீரும் கடைசியில் கட்டியும் விழும். தண்ணீரின் அளவு தெரியாமல் மாவை ஊற்றியதுதான் உங்கள் மூன்றாம் முயற்சியின் கேடு. சாறு இவ்வளவு என்று முன்கூட்டியே அளந்து வைத்தால் அந்தக் குழப்பமே இல்லை.

ஆகவே சாஸை அடுப்புக்கு முன்பே ஒரு கிண்ணத்தில் கலந்து வையுங்கள்: இறால் தலைச் சாறு 4 மேசைக்கரண்டி, லைட் சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி. தனியாக இன்னொரு சிறு கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வையுங்கள். லைட் என்பது உப்பும் மணமும் தருவது, டார்க் என்பது நிறத்துக்கானது. டார்க் மட்டும் வீட்டில் இருந்தால் இறால் கறுத்துப் போகும், சில துளிகளோடு நிறுத்திக்கொண்டு குறையும் உப்பை உப்பாகவே போடுங்கள். பூண்டு 6 பல், இஞ்சி ஒரு அங்குலம், இரண்டையும் பொடியாக நறுக்குங்கள். விழுதாக அரைத்தால் அதுவும் ஈரம்தான், அடியும் பிடிக்கும். வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியையும் பச்சைப் பகுதியையும் தனித்தனியே வையுங்கள். ஒரு குடைமிளகாய் போதும்.

ஒரு வாக்குமூலமும் இங்கே வேண்டும். பிள்ளைகள் சாப்பிட்ட பூண்டு இறால் அநேகமாகக் குவாங்தோங்கிலிருந்து வந்ததல்ல. கொல்கத்தாவின் டாங்க்ரா போன்ற இடங்களில் குடியேறிய சீனர்களின் சமையல் நம் நாக்குக்கேற்ப மாறி, மிளகாயும் வினிகரும் பூண்டும் கூடி நம் நகரங்களுக்கு வந்த வகை அது. அதற்கும் தனி மரியாதை உண்டு. அந்தச் சுவைதான் வேண்டும் என்றால், 4 காய்ந்த மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுதை, பூண்டு வதங்கும் நேரத்தில் சேர்த்து எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். பூண்டைப் பத்துப் பல்லாக்குங்கள். இறக்கும்போது அரைத் தேக்கரண்டி வினிகர் விடுங்கள். இறாலைக் கையாளும் முறை ஒன்றேதான்.

இப்போது அடுப்பு. இரும்பு வாணலி இருந்தால் அதை எடுங்கள். குழிந்த வாணலியைவிட, விளிம்பு உயர்ந்த கனமான இரும்புத் தோசைக்கல் வீட்டு அடுப்புக்கு இன்னும் பொருத்தம் என்பது என் அனுபவம், ஏனென்றால் சிறிய நெருப்பில் சூட்டைச் சேமித்து வைப்பது கனமான இரும்புதான், தட்டையான அடியில் எல்லா இறாலும் ஒரே அடுக்காகப் படியும். எவ்வளவு காய வேண்டும் என்பது தோசை ஊற்றும் கைக்குத் தெரியும்: தண்ணீர் தெளித்தால் உடனே ஆவியாகாமல் முத்துமுத்தாக உருண்டோட வேண்டும், அந்த முத்துகளும் மறைந்த பின் இன்னும் அரை நிமிடம் பொறுக்க வேண்டும். நான்ஸ்டிக் பாத்திரத்தில் மட்டும் இப்படிக் காயவிடாதீர்கள். 260 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும்.

இரண்டு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் விட்டு, மெல்லிய புகை கிளம்பியதும் இறாலை ஒவ்வொன்றாகப் பரப்புங்கள். பரப்பிய பின் 40 நொடி தொடாதீர்கள். கிளற வேண்டும் என்று கை துடிக்கும். கிளறினால் சூடு போய்விடும். அடிப்பக்கம் சிவந்து, ஓரங்கள் வெளுத்து மேலேறி வரும்போது திருப்பிப் போட்டு இன்னும் 20 நொடி. இப்போது ஒரு இறாலைக் கவனித்துப் பாருங்கள்: வால் பக்கம் சிவந்திருக்கும், தலைப் பக்கத்துத் தடித்த பகுதியில் கீறலின் அடியில் ஒரு நெல்லளவு இன்னும் கண்ணாடிபோல் தெரியும். அந்த நிலையில் தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். பாதி வேக்காட்டில் எடுக்கிறோமே என்று பயப்பட வேண்டாம்; தட்டில் இருக்கும்போது உள்சூட்டில் கொஞ்சம் வேகும், மறுபடி சாஸில் விழும்போது மீதியும் வெந்துவிடும். வளைவைப் பார்த்தும் சொல்லலாம்: அரைநிலாபோல் வளைந்திருந்தால் பதம், வாலும் தலையும் தொட்டு வளையமாகச் சுருண்டுவிட்டால் பதம் தாண்டிவிட்டது. கடல் உணவின் உள்ளே 63 டிகிரி சூடு ஏறினால் போதும் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவு. இந்தப் பருமன் உள்ள இறால், இரண்டாவது முறை சட்டிக்கு வந்த சில நொடிகளில் அதைத் தொட்டுவிடும்.

அதே சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி இவற்றை 15 நொடி வதக்குங்கள். பூண்டு நிறம் மாறத் தொடங்கும் முன் குடைமிளகாயைப் போட்டு 30 நொடி. கலந்து வைத்த சாஸைச் சட்டியின் ஓரமாகச் சுற்றி ஊற்றுங்கள், நடுவில் ஊற்ற வேண்டாம். சூடான இரும்பில் பட்ட சோயா சாஸ் சீறி எழுப்பும் அந்த மணம், கான்டனீஸ்காரர்கள் ‘வாக் ஹேய்’, வாணலியின் மூச்சு, என்று சொல்வதில் ஒரு பகுதி. முழு வாக் ஹேய் உணவகத்து நெருப்புக்கே உரியது. வீட்டில் அதில் கொஞ்சம் கிடைக்கும், அதுவே போதும். சாறு கொதித்ததும் கரைத்த மாவை மறுபடி கலக்கி, பாதியை ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டினால் நிறுத்திவிடலாம், இல்லையென்றால் மீதியையும் ஊற்றலாம். இறாலை அதில் போட்டு 20 நொடி பிரட்டி, வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தூவி இறக்குங்கள். எள்ளெண்ணெய் சில துளி விடுவது வழக்கம். ஆனால் அது எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்த சீன எண்ணெய். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில், கருப்பட்டி சேர்த்து ஆட்டியது, மணமே வேறு. வறுத்த எண்ணெய் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், குறை தெரியாது.

அஜினோமோட்டோவுக்கு வருகிறேன். ஜப்பானிய வேதியியலாளர் இகேதா கிகுனாயே 1908-இல் கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டறிந்த குளுட்டமேட் என்ற சுவைப்பொருளின் உப்பு அது. 1968-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஒரு கடிதத்திலிருந்து அதன் மீதான அச்சம் பரவியது. சமையலில் போடும் அளவு பாதுகாப்பானது என்பதே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிலை. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவில் சேர்க்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அதை விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சமையலுக்கு அது தேவையில்லை: சோயா சாஸில் குளுட்டமேட் இயல்பாகவே நிறைய இருக்கிறது, இறால் தலைச் சாறு அதற்குத் துணை நிற்கிறது. ஒயின் என்று நீங்கள் கேட்டிருப்பது ஷெஜியாங் மாகாணத்து ஷாவ்ஷிங் நகரின் அரிசி மதுவை. வாடை போக்கவும் மணத்துக்கும் ஒரு தேக்கரண்டி சேர்ப்பார்கள். பூச்சு போடும்போது ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு விட்டால் வாடை போக்கும் வேலை நடந்துவிடும். அந்த அளவுக்கு வெள்ளைக்கருவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமனாரின் தட்டைப் பற்றிய கேள்வி இதில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 300 மில்லிகிராம். அதோடு உப்பிலும் ஆப்பசோடாவிலும் உள்ள சோடியத்தில் கொஞ்சம் இறாலில் தங்கியிருக்கும். அவருக்கு எவ்வளவு வரை அனுமதி என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் சமைப்பவர் செய்யக்கூடியது உண்டு. இரண்டு தடவையாக வதக்கும்போது முதல் தடவையை அவருக்கென்று ஒதுக்குங்கள்; அந்தப் பங்கு இறாலுக்கு உப்பும் ஆப்பசோடாவும் போடாமல் பூச்சு மட்டும் போட்டு, உப்பு தேய்ப்பதற்குப் பதில் வெறும் மாவால் தேய்த்துக் கழுவி, அந்தத் தடவை முழுவதற்கும் சோயா சாஸை ஒரு தேக்கரண்டியோடு நிறுத்தி, இஞ்சியையும் வெள்ளை மிளகையும் வெங்காயத்தாளையும் தாராளமாகப் போடுங்கள். ‘நறுக்’கென்ற துள்ளல் சற்றுக் குறையும், மென்மை இருக்கும், வயதான பல்லுக்கு அதுவே நல்லது. சோற்றில் உப்புப் போடாமல் வடித்தால் இன்னும் நல்லது, சீனர்கள் வழக்கமாகச் சோற்றில் உப்புப் போடுவதில்லை.

பள்ளி நாளில் இவ்வளவுக்கு நேரம் இல்லையென்றால், ஹாங்காங்கின் எளிய உணவகங்களில் சோற்றின் மேல் போட்டுத் தரும் முட்டை இறாலைச் செய்யுங்கள். 150 கிராம் இறாலை உலர்த்தி, உப்பும் கார்ன்ஃப்ளாரும் பிசறி முன்போல் வதக்கி எடுத்து, 4 முட்டையை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் சிட்டிகை உப்பும் சேர்த்து அடித்து அந்த இறாலை அதில் கலந்து, காய்ந்த எண்ணெயில் ஊற்றி அடுப்பைக் குறைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்லத் தள்ளித் தள்ளி மடியுங்கள். முட்டை மேலே இன்னும் பளபளப்பாக இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியின் சூட்டிலேயே அது இறுகும்வரை இன்னும் இரண்டு மூன்று முறை மடித்து எடுங்கள். பூண்டை விரும்பாத பிள்ளைகளும் இதைச் சாப்பிடுவார்கள்.

கடைசியாக, சமைக்கும் வரிசை. சோறு வடித்து, தட்டுகள் வைத்து, பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, கிண்ணங்கள் எல்லாம் அடுப்பருகே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, அதன் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். இந்த இறால் ஐந்து நிமிடம் மூடி வைத்தாலே ஆவியில் வெந்து இறுகத் தொடங்கிவிடும், பூச்சும் தளர்ந்து நீர் விடும். மிஞ்சினால் மறுபடி சூடாக்க வேண்டாம்; குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் பொடியாக நறுக்கி, வறுத்த சோறு தயாராகி அடுப்பை அணைக்கப் போகும் நேரத்தில் அதில் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி இறக்கிவிடுங்கள்.